பனிக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டது. தில்லியில் காலை ஏழு மணி ஆகியும் சூரியனைக் காணோம். தெரு முழுவதும் வெள்ளைத் திரை போட்டது போல மூடுபனி. பிள்ளைகள் போர்வையை விட்டு எழ மறுக்கிறார்கள். தாய்மார் அடுப்பில் வெந்நீர் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்குப் போக வேண்டும். குளிரையும் தாங்க வேண்டும். என்ன செய்வது?

வட இந்தியாவில் பல கோடிக் குடும்பங்களின் கவலை இது. வேலைக்காக அங்கே போய் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே கவலைதான். ஊரில் பார்த்திராத குளிர் இது. சென்னையில் ஜனவரி மாத இரவிலும் சுமார் 20 டிகிரி வெப்பம் இருக்கும். தில்லியில் அதே மாதத்தில் இரவு வெப்பம் சுமார் 7 டிகிரிக்கு இறங்கிவிடும். சில நாட்களில் 4 டிகிரிக்கும் கீழே போகும்.

பனிக்காலத்தைப் பற்றித் தெரிந்துகொண்டால் பயம் குறையும். பிள்ளைகளின் படிப்பும் கெடாது. உடலும் கெடாது.

1. ஏன் இந்தக் குளிர்?

பூமி சற்றுச் சாய்ந்தபடி சூரியனைச் சுற்றி வருகிறது. டிசம்பர் மாதத்தில் பூமியின் வடபாதி சூரியனுக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்கும். அதனால் அங்கே வெயில் சாய்வாக விழும். பகல் நேரம் குறையும். இரவு நீளும்.

ஆண்டிலேயே மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22ஆம் தேதி வரும். அன்று கன்னியாகுமரியில் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் அதிகம். தில்லியில் சுமார் 10 மணி 20 நிமிடம்தான். வடக்கே போகப் போகப் பகல் சுருங்கும். குளிர் கூடும்.

மேற்கே மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வரும். அது இமயமலையில் உறைபனியாகக் கொட்டும். சமவெளியில் மழையாகப் பெய்யும். இந்த மழை விட்ட பிறகு, பனி மூடிய மலையிலிருந்து குளிர்ந்த காற்று கீழே இறங்கும். அப்போதுதான் குளிர் கடுமையாகும்.

சமவெளியில் இரவு வெப்பம் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே போனால், அதை வானிலைத் துறை குளிர் அலை என்று அறிவிக்கும். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். இனிமேல் கேட்டால் அதன் பொருள் உங்களுக்குத் தெரியும்.

வானிலைத் துறை நான்கு நிறங்களில் எச்சரிக்கை தருகிறது. பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை தேவை. நிறத்தைப் பார்த்தாலே செய்தி புரியும்.

2. பள்ளி நேரம் மாறும், விடுமுறையும் மாறும்

தமிழ்நாட்டில் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை கோடையில் வரும். இந்தியா முழுவதும் அப்படி இல்லை.

காஷ்மீரில் நீண்ட விடுமுறை பனிக்காலத்தில்தான். டிசம்பரில் பள்ளி மூடினால் பிப்ரவரி கடைசி வரை விடுமுறை இருக்கும். டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்கள் மிகக் கடுமையான குளிர். அந்த நாற்பது நாட்களுக்குக் காஷ்மீர் மக்கள் 'சில்லாய் கலான்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குழாயில் தண்ணீர் உறைந்துவிடும். ஏரியின் ஓரமும் உறையும். அந்த நாட்களில் சின்னப் பிள்ளைகள் நடந்து பள்ளிக்குப் போக முடியாது.

இமாச்சலப் பிரதேசத்தில் இரண்டு வகைப் பள்ளிகள் உண்டு. உயரமான மலைப் பகுதியில் உள்ள பள்ளிகள் பனிக்காலத்தில் மூடும். தாழ்வான பகுதியில் உள்ள பள்ளிகளுக்குக் கோடையில் விடுமுறை அதிகம். ஒரே மாநிலம்தான். ஆனால் இடத்துக்கு ஏற்ப விடுமுறை.

தில்லி அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் ஜனவரி 1 முதல் 15 வரை விடுமுறை. உத்தரப் பிரதேசத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் ஏறத்தாழ அதே இரு வாரங்கள்தான். குளிர் அதிகமானால் மாவட்ட ஆட்சியர் விடுமுறையை நீட்டிக்கலாம். பள்ளி திறக்கும் நேரத்தைத் தள்ளி வைக்கலாம்.

அப்படியானால் படிப்பு குறையாதா? குறையக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009ஆம் ஆண்டு வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாட்கள் பள்ளி நடக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாட்கள். விடுமுறை எந்தப் பருவத்தில் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

3. அறிவிப்பைப் படியுங்கள்

பனிக்காலத்தில் பள்ளியிலிருந்து அடிக்கடி அறிவிப்பு வரும். பிள்ளையின் நோட்டில் எழுதி அனுப்புவார்கள். பள்ளிக் கதவில் ஒட்டுவார்கள். இப்போது கைப்பேசியிலும் அனுப்புகிறார்கள். மாதிரிக்கு ஓர் அறிவிப்பு கீழே உள்ளது. வாய்விட்டுப் படியுங்கள்.

*பெற்றோர் கவனத்துக்கு*

*குளிர் அதிகமாக இருப்பதால் நாளை முதல் பள்ளி காலை 9 மணிக்குத் தொடங்கும். பிற்பகல் 3 மணிக்கு முடியும்.*

*ஜனவரி 1 முதல் 15 வரை பனிக்கால விடுமுறை. ஜனவரி 16 அன்று பள்ளி திறக்கும்.*

*பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், குல்லா, காலுறை, மூடிய காலணி அணிவித்து அனுப்பவும். எந்த நிறக் கம்பளி உடையும் அணியலாம்.*

*காய்ச்சல் உள்ள பிள்ளையை வீட்டில் இருக்க விடவும். ஆசிரியருக்குத் தகவல் சொல்லவும்.*

*தலைமை ஆசிரியர்*

அறிவிப்பில் முதலில் தேதியைத் தேடுங்கள். பிறகு நேரத்தைப் பாருங்கள். என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். கடைசியில் யார் கையெழுத்து என்று பாருங்கள்.

இந்த நான்கையும் படிக்கத் தெரியாவிட்டால் என்ன ஆகும்? பள்ளி ஒன்பது மணிக்கு என்று தெரியாமல் பிள்ளையை ஏழு மணிக்கே அனுப்பிவிடுவோம். பூட்டிய கதவுக்கு வெளியே பிள்ளை இரண்டு மணி நேரம் குளிரில் நிற்கும். எழுத்து தெரிந்த தாய் அந்த இரண்டு மணி நேரத்தைத் தடுத்துவிடுவாள்.

புரியாத அறிவிப்பு வந்தால் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ஆசிரியரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

4. உடையும் உணவும்

ஒரே ஒரு தடித்த உடை போதாது. இரண்டு மூன்று மெல்லிய உடைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அணிவியுங்கள். உடைகளுக்கு நடுவே காற்று தங்கும். அந்தக் காற்று உடம்பின் சூட்டை வெளியே விடாது. மதியம் வெயில் வந்தால் மேலே உள்ள உடையைக் கழற்றிக்கொள்ளலாம்.

தலை, காது, கை, கால் ஆகியவற்றை மூடுங்கள். ஈரமான உடை கூடவே கூடாது. ஈர உடை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். காலுறை நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

சில பிள்ளைகளுக்குக் கை கால் விரல்கள் சிவந்து வீங்கும். அரிப்பு எடுக்கும். குளிரால் வரும் வீக்கம் அது. அந்தக் கையை நேராக நெருப்பில் காட்டக் கூடாது. உலர்ந்த துணியில் சுற்றி மெதுவாகச் சூடேற்றுங்கள். புண்ணானால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்வெட்டர் வாங்கப் பணம் வேண்டுமே? சில மாநிலங்களில் அரசு உதவி உண்டு. உத்தரப் பிரதேசத்தில் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காகப் பெற்றோரின் வங்கிக் கணக்கில் பணம் போடுகிறார்கள். 2022ஆம் ஆண்டு முதல் ஒரு பிள்ளைக்கு 1,200 ரூபாய். சீருடை, ஸ்வெட்டர், காலணி, காலுறை, பை, எழுதுபொருள் எல்லாம் இதில் வாங்க வேண்டும். கணக்கில் பணம் வந்ததா என்று பாஸ்புத்தகத்தைப் பாருங்கள். உங்கள் மாநிலத்தில் என்ன உதவி உண்டு என்று பள்ளியில் கேளுங்கள்.

குளிரில் பசி கூடும். உடம்பைச் சூடாக வைத்திருக்க உணவு வேண்டும். வெறும் வயிற்றோடு பிள்ளையை அனுப்பக் கூடாது. வட இந்தியாவில் பனிக்காலத்தில் கம்பு ரொட்டி, கடுகுக் கீரை, வேர்க்கடலை, எள், வெல்லம் எல்லாம் சாப்பிடுவார்கள். கேரட்டும் கொய்யாவும் நெல்லிக்காயும் அப்போது மலிவு. இவை விலை குறைந்தவை. சத்து நிறைந்தவை.

பள்ளியில் மதிய உணவு உண்டு. தமிழ்நாட்டில் 1982இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. நாடு முழுவதற்குமான மதிய உணவுத் திட்டம் 1995இல் வந்தது. தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி அல்லது கோதுமை தர வேண்டும். 20 கிராம் பருப்பும் 50 கிராம் காய்கறியும் சேர வேண்டும். பனிக்காலத்தில் உணவு சூடாக இருக்கிறதா என்று பெற்றோர் போய்ப் பார்க்கலாம்.

5. மூடுபனியில் நடை

இரவில் நிலம் குளிர்ந்துவிடும். நிலத்தை ஒட்டிய காற்றும் குளிரும். காற்றில் உள்ள ஈரம் மிகச் சிறிய நீர்த்துளிகளாக மாறி மிதக்கும். அதுதான் மூடுபனி. பஞ்சாபிலிருந்து பீகார் வரை சமவெளி முழுவதும் இது பரவும். சில நாட்களில் 50 மீட்டர் தள்ளி நிற்கும் லாரியும் கண்ணுக்குத் தெரியாது.

ஓட்டுநருக்கும் பிள்ளை தெரியாது. இதை மறக்கக் கூடாது.

எனவே பிள்ளைகளைத் தனியாக அனுப்ப வேண்டாம். நாலைந்து பேராகச் சேர்ந்து போகட்டும். பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும். நடைபாதை இல்லாவிட்டால் சாலையின் வலப்பக்க ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்கட்டும். வெள்ளை, மஞ்சள் போன்ற வெளிர் நிறத் துணியை மேலே போடுங்கள். ரயில் பாதையைக் குறுக்கே கடக்கவே கூடாது. பனியில் ரயில் வருவது தெரியாது.

6. காற்று கெடும் நாட்கள்

பனிக்காலத்தில் இன்னொரு தொல்லை புகை. குளிர்ந்த காற்று கனமானது. அது மேலே எழாமல் தரையை ஒட்டி நிற்கும். வண்டிப் புகை, ஆலைப் புகை, தூசி, வயலில் வைக்கோல் எரித்த புகை எல்லாம் அதில் அடைபட்டுக்கொள்ளும். வீசிக் கலைக்கக் காற்றும் இராது.

காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்ல ஓர் எண் உண்டு. அதைக் காற்றுத் தர எண் என்பார்கள். இந்தியாவில் 2015 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 50 வரை இருந்தால் நல்ல காற்று. 200ஐத் தாண்டினால் மோசம். 300ஐத் தாண்டினால் மிக மோசம். 400ஐத் தாண்டினால் கடுமை.

2023 நவம்பரில் தில்லியில் காற்று மிகவும் கெட்டது. ஜனவரியில் வர வேண்டிய விடுமுறையின் ஒரு பகுதியை முன்னாலேயே, நவம்பர் 9 முதல் 18 வரை விட்டார்கள். 2024 நவம்பரிலும் சிறு பிள்ளைகளுக்கு வகுப்பறைப் பாடம் சில நாட்கள் நின்றது. கைப்பேசி வழியாகப் பாடம் நடந்தது.

எண் அதிகமான நாளில் பிள்ளைகளை வெளியே ஓடி விளையாட விட வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மருந்து கையில் இருக்கட்டும். குப்பையையும் சருகையும் கொளுத்தாதீர்கள். கொளுத்துகிற புகை முதலில் கொளுத்தியவர் வீட்டுப் பிள்ளையின் மூக்கில்தான் ஏறும்.

7. கரி அடுப்பு: கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இது. இரண்டு முறை படியுங்கள்.

வட இந்தியாவில் குளிருக்குக் கரி அடுப்பு மூட்டுவார்கள். அதற்கு அங்கீட்டி என்று பெயர். காஷ்மீரில் காங்கிரி என்ற சிறு நெருப்புச் சட்டியைக் கையில் வைத்திருப்பார்கள். திறந்த வெளியில் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்வது பழக்கம். ஆபத்து எங்கே வருகிறது? அந்த அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவையும் ஜன்னலையும் சாத்தித் தூங்கும்போது வருகிறது.

தில்லியில் ஒரு வாடகைக் குடியிருப்பு. அடுத்தடுத்த அறைகளில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணி. ஒரு பெண் கனன்ற கரி அடுப்பை உள்ளே தூக்கிக்கொண்டு போகிறாள். பக்கத்து அறைப் பெண் பார்த்துவிடுகிறாள்.

"அக்கா, அடுப்பை உள்ளே வைக்காதீங்க."

"பிள்ளைங்க குளிர்ல நடுங்குதுங்க. புகையெல்லாம் அடங்கிடுச்சே, வெறும் தணல்தானே?"

"புகை இல்லேன்னாலும் விஷக்காத்து வரும் அக்கா. வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்னுடும். பள்ளிக்கூட அறிவிப்புல எழுதியிருந்தாங்க. நானே படிச்சேன்."

"அப்போ ராத்திரி குளிருக்கு என்ன செய்யறது?"

"தூங்கறதுக்கு முன்னாடி வெளியே வச்சுக் குளிர் காயலாம். அப்புறம் தண்ணி ஊத்தி அணைச்சுடணும். பிள்ளைங்களை ஒண்ணாப் படுக்க வைங்க. தரைக்கு அடியில சாக்கும் அட்டையும் போடுங்க. எங்கிட்ட ஒரு போர்வை கூட இருக்கு, தர்றேன்."

அந்தப் பெண் சொன்னது முழு உண்மை. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். காற்றோட்டம் இல்லாத அறையில் அது நிறைந்துவிடும். மூச்சில் போனால் இரத்தத்தில் கலக்கும். பிராணவாயு இரத்தத்தில் சேர விடாமல் தடுக்கும். முதலில் தலைவலி வரும். பிறகு தலைசுற்றல், வாந்தி, அசதி. தூங்குகிறவருக்கு இது எதுவும் தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போகும். வட இந்தியாவில் பனிக்காலத்தில் இப்படிக் குடும்பம் குடும்பமாக இறந்திருக்கிறார்கள்.

அறையில் யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவு ஜன்னல்களைத் திறங்கள். அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். உடனே ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கள். பல மாநிலங்களில் அதன் எண் 108.

8. இருமலும் காய்ச்சலும்

பனிக்காலத்தில் சளியும் இருமலும் சாதாரணம். பெரும்பாலும் சில நாட்களில் தானே சரியாகும். வெதுவெதுப்பான நீர், கஞ்சி, ஓய்வு போதும். ஆனால் சில அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்கக் கூடாது.

மூச்சு வேகமாக வாங்குகிறதா? மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா? பிள்ளை சாப்பிடவோ குடிக்கவோ மறுக்கிறதா? எழுப்ப முடியாமல் மயங்கிக் கிடக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இது நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். நிமோனியா என்று சொல்வார்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மூச்சை எண்ணிப் பாருங்கள். கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் முதல் 11 மாதம் வரை உள்ள குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து. 1 வயது முதல் 5 வயதுக்குள் உள்ள குழந்தைக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து. எண்ணத் தெரிந்தால் ஓர் உயிரைக் காக்கலாம்.

கடையில் கேட்டு இருமல் மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் ஒரு கொடுமை நடந்தது. இருமல் மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. மருந்து தயாரானது தமிழ்நாட்டில். அதன் பிறகு மத்திய அரசின் சுகாதாரத் துறை எல்லா மாநிலங்களுக்கும் அறிவுரை அனுப்பியது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்து தரக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழேயும் பொதுவாகத் தேவையில்லை. எந்த மருந்தானாலும் மருத்துவர் சொன்னால் மட்டும், சொன்ன அளவு மட்டும் கொடுங்கள்.

9. பெற்றோர் கூடினால்

கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் ஒரு சிற்றூர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தொடக்கப் பள்ளி. டிசம்பர் வந்ததும் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. தலைமை ஆசிரியர் பெற்றோர் கூட்டம் போடுகிறார்.

"ஏன் பிள்ளைகளை அனுப்புவதில்லை?" என்று கேட்கிறார்.

யாரும் பேசவில்லை. கடைசியில் ஒரு தாய் எழுந்தாள். "மாஸ்டர்ஜி, எங்கள் பிள்ளை வர மாட்டேன் என்கிறது. தரை ஐஸ் மாதிரி இருக்கிறது. ஜன்னலில் கதவு இல்லை. காற்று நேராக மேலே அடிக்கிறது. நாள் முழுக்க எப்படி உட்காரும்?"

தலைமை ஆசிரியர் எழுந்து வகுப்பறைக்குப் போனார். பெற்றோரும் கூடப் போனார்கள். தாய் சொன்னது சரிதான். அன்றே முடிவு செய்தார்கள். பள்ளிக்கு வந்த மானியத்தில் ஜன்னல்களைச் சரிசெய்வது. தரைக்குச் சணல் பாய் வாங்குவது. அது வரும் வரை வெயிலில் முற்றத்தில் பாடம் நடத்துவது. எல்லாவற்றையும் கூட்டப் புத்தகத்தில் எழுதினார்கள். அந்தத் தாய் கைநாட்டு வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

இது யாரும் போட்ட பிச்சை அல்ல. சட்டம் தந்த உரிமை. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது இந்தக் குழுவின் வேலை. பள்ளிக்கு என்ன தேவை என்று திட்டம் போடுவதும் இதன் வேலைதான்.

10. ஊர் மாறும் குடும்பங்கள்

மழைக்காலம் முடிந்ததும் பல குடும்பங்கள் வேலை தேடி ஊர் மாறும். செங்கல் சூளைகளில் வேலை தொடங்குவது அப்போதுதான். உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து பஞ்சாபுக்கும் அரியானாவுக்கும் போவார்கள். ஒடிசாவின் பலாங்கிர் பகுதியிலிருந்து தெலங்கானாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் வருவார்கள். பெற்றோருடன் பிள்ளைகளும் போவார்கள். படிப்பு பாதியில் நிற்கும்.

நிற்க வேண்டியதில்லை. 6 முதல் 14 வயது வரை உள்ள எந்தப் பிள்ளையையும் அருகில் உள்ள அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். கட்டணம் இல்லை. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரவில்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. இதுவும் சட்டத்தில் உள்ளது. ஊரை விட்டுப் புறப்படும் முன் பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேளுங்கள். உடனே கிடைக்காவிட்டாலும் பிள்ளையின் நோட்டையும் மதிப்பெண் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

11. விடுமுறையிலும் அதன் பிறகும்

விடுமுறை நாட்களில் பிள்ளை படித்ததை மறந்துவிடக் கூடாது. தினமும் கால் மணி நேரம் பிள்ளையோடு உட்காருங்கள். பிள்ளை ஒரு பக்கம் படிக்கட்டும். நீங்கள் ஒரு பக்கம் படியுங்கள். நீங்கள் தடுமாறினால் பிள்ளை சொல்லித் தரட்டும். அதில் வெட்கம் எதற்கு? இருவரும் படிப்பார்கள். இருவரும் வளர்வார்கள்.

ஜனவரி 13 அன்று பஞ்சாபில் லோரி. 14 அன்று மகர சங்கராந்தி. அதையொட்டித் தமிழர் வீடுகளில் பொங்கல். இதற்குப் பிறகு பகல் மெல்ல மெல்ல நீளுவது கண்ணுக்குத் தெரியும். ஜனவரி 26 குடியரசு நாள். அன்று பள்ளியில் கொடியேற்றுவார்கள். பிள்ளையோடு நீங்களும் போங்கள்.

பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள். இது 2015இல் தொடங்கியது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் மாத்திரை இலவசமாகத் தருவார்கள். ஒரு வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு உண்டு. அன்று பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால், சில நாள் கழித்து மறுபடியும் தருவார்கள். வயிற்றில் புழு இருந்தால் உண்ட சத்து உடம்பில் சேராது. இரத்தம் குறையும். படிப்பிலும் மனம் போகாது.

பனி போய்விடும். வெயில் வந்துவிடும். பிள்ளை இழந்த பள்ளி நாள் மட்டும் திரும்பி வராது.

பயிற்சி

*விடை சொல்லுங்கள்*

1. ஆண்டிலேயே மிகக் குறுகிய பகல் எந்த மாதத்தில் வருகிறது?
2. காஷ்மீரில் நீண்ட பள்ளி விடுமுறை ஏன் பனிக்காலத்தில் வருகிறது?
3. கரி அடுப்பை மூடிய அறைக்குள் ஏன் வைக்கக் கூடாது?
4. எந்த அறிகுறிகளைக் கண்டால் பிள்ளையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்?

*கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்*

1. தொடக்கப் பள்ளி ஆண்டுக்கு \_\_\_\_\_\_ நாட்கள் நடக்க வேண்டும்.
2. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் \_\_\_\_\_\_ பங்கு பெற்றோர்.
3. காற்றுத் தர எண் \_\_\_\_\_\_ வரை இருந்தால் நல்ல காற்று.
4. சிவப்பு எச்சரிக்கை என்றால் \_\_\_\_\_\_ நடவடிக்கை தேவை.

*எழுதுங்கள்*

உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல். இரண்டு நாள் விடுப்பு வேண்டும். வகுப்பு ஆசிரியருக்கு நான்கு வரிக் கடிதம் எழுதுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, தேதி மூன்றும் இருக்க வேண்டும். கடைசியில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.

*கூடிப் பேசுங்கள்*

உங்கள் ஊர்ப் பள்ளியில் எந்தப் பருவத்தில் பிள்ளைகள் அதிகம் வராமல் போகிறார்கள்? குளிரா, மழையா, வெயிலா, அறுவடையா? காரணத்தைக் கண்டுபிடியுங்கள். அடுத்த பள்ளிக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து அதைச் சொல்லுங்கள்.